ஊடுபுள்ளி

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது, வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றிவிட்டார்கள். தில்லியின் காற்றுத் தரக் குறியீடு அன்று 490ஐத் தாண்டியது. மயூர் விஹார் முதல் ஃபேஸில் எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் நின்றால் மெட்ரோ பாலம் தெரியும். மழை பெய்து ஓய்ந்த நாளில் அக்ஷர்தாம் சிகரங்களும் தெரியும். அன்றைக்கு எதிர் பிளாக் மாமி கொடியில் போட்டிருந்த புடவை என்ன நிறம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கண் எரிந்தது. கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

உள்ளே, 43 அங்குல டிவியில், பனிமலை ஒன்று அநியாயத் தெளிவோடு நின்றுகொண்டிருந்தது.

"அப்பா, அந்த உச்சில ஒரு கொடி பறக்குது, தெரியுதா?" என்றான் கதிர். அவனுக்குப் பன்னிரண்டு வயது.

"தெரியுது."

"கொடில என்ன வரைஞ்சிருக்குன்னு தெரியுதா?"

தெரியவில்லை என்றேன். அதற்குத்தான் காத்திருந்தான்.

"ப்ரோல தெரியும்."

பதினோரு நாள் முன்புதான், நவம்பர் 7ஆம் தேதி, பிளேஸ்டேஷன் 5 ப்ரோ வெளிவந்திருந்தது. அப்போது அமெரிக்காவில் 699 டாலர், டிஸ்க் போடும் வசதி தனிக் காசு. இந்தியாவில் எந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வைஃபை 7, ஆறு கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசக்கூடியது. அந்த அலைவரிசைக்கு நம் நாட்டில் அப்போது அனுமதி இல்லை. அனுமதி தரவேண்டிய தொலைத்தொடர்புத் துறை இருப்பது அசோகா சாலையில், சஞ்சார் பவனில். பட்டேல் சௌக்கில் இறங்கி நான் தினமும் ஆபீஸுக்கு நடக்கிற வழியில் இருக்கிறது அந்தக் கட்டடம். அதைக் கடக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை மகனிடம் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய நண்பனின் சித்தப்பா டிசம்பரில் துபாயிலிருந்து வருகிறாராம். சஞ்சார் பவனால் அவரைத் தடுக்க முடியாது.

அலமாரியைத் திறந்து அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன். சோபாவின் முதுகிலிருந்து டிவி வரை எட்டரை அடி. அம்மாவின் நாற்காலியிலிருந்து ஒன்பது.

"இப்ப எதுக்கு அளக்கறே?" என்றாள் அம்மா.

"வழக்கு நடக்குதும்மா."

*

இந்த வழக்கில் வாதி நானாக இருந்த காலம் உண்டு.

அப்பா மத்திய அரசு ஊழியர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. 1995இல், பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினேன் என்று, செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்கு என்னைக் கூட்டிப் போய் ஒரு வீடியோ கேம் வாங்கித் தந்தார். ஜப்பான்காரன் 1983இல் விற்க ஆரம்பித்த ஃபேமிகாமின் நகல். நகல் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? மஞ்சள் கேசட்டில் 9999 விளையாட்டுகள் இருப்பதாக எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தால் மாரியோவும் கான்ட்ராவும் இன்னும் ஏழெட்டும்தான், வேறு வேறு பெயரில் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஆன்டெனா ஒயர் செருகும் இடத்தில் இதைச் செருகி, சானலைத் திருகித் திருகி, புள்ளி மழை ஓய்ந்து மாரியோ தெரியும்போது வீடே கைதட்டும்.

அந்தப் படம் அகலவாக்கில் 256 புள்ளி, உயரவாக்கில் 240. மொத்தம் 61,440. இன்றைய 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். வகுத்துப் பார்த்தால் சரியாக 135 மடங்கு. மாரியோவுக்கு மீசை வந்ததே புள்ளிப் பஞ்சத்தால்தான். 1981இல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக மியாமோட்டோ அவனை வரைந்தபோது வாய் வரைய இடம் போதவில்லை, மூக்குக்குக் கீழே ஒரு மீசையை வைத்து முடித்துவிட்டார். தலைமுடியை அசைத்துக் காட்ட வழியில்லை என்று தொப்பி. உலகத்திலேயே பிரபலமான அந்த முகம், வசதி இல்லாத வீட்டில் பிறந்த பிள்ளை. எனக்கோ பதினோரு வயதில் அவன் மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிந்ததாகத்தான் நினைவு.

அப்பா தன் பங்குக்கு 1982 கதையைச் சொல்வார். ஆசிய விளையாட்டு தில்லிக்கு வந்த வருஷம், தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறிய வருஷம். கலர் டிவி வாங்க முடியாதவர்கள் கறுப்பு வெள்ளைத் திரைமீது ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொள்வார்களாம். மேலே நீலம், நடுவில் இளஞ்சிவப்பு, கீழே பச்சை. வானம், முகம், புல் என்று கணக்கு. செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு நெற்றி நீலமாகவும் கழுத்து பச்சையாகவும் இருக்கும். "யாரும் சிரிக்கலைடா, கலர் வந்துடுத்துன்னுதான் பார்த்தோம்" என்பார். அந்தத் தாளைப் பற்றி நான் பிற்பாடு நிறைய நினைத்திருக்கிறேன்.

*

பி.எஸ்.2ஐப் பாலிகா பஜாரில் வாங்கினேன். கன்னாட் பிளேஸின் புல்வெளிக்குக் கீழே, பூமிக்கடியில் இருக்கும் அந்தச் சந்தையில் ஏ.சி. காற்றும் சோலே பட்டூரே வாசனையும் கலந்து வரும். வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த நேரம், ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று. "சிப் வாலா சாஹியே யா பினா சிப்?" என்பது கடைக்காரரின் முதல் கேள்வி. காப்பி டிஸ்க் ஓட வேண்டுமா, வேண்டாமா என்று அதற்கு அர்த்தம். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. பி.எஸ்.3 எங்கள் வீட்டு வாசலைத் தொடாமலே போயிற்று. கல்யாணம், வீட்டுக் கடன், அப்பாவின் வியாதி, அப்பா போனது. 2014 ஜனவரியில் பி.எஸ்.4 இந்தியாவுக்கு 39,990 ரூபாய்க்கு வந்தது. நான் அடுத்த வருஷம் வாங்கினேன்.

ஒரு வருஷம் நிம்மதியாக விளையாடினேன். பிறகு 2016 செப்டம்பரில் பி.எஸ்.4 ப்ரோவை அறிவித்தார்கள். அதே விளையாட்டுகள், அதே டிஸ்க், ஆனால் 4கே.

தீபாவளிக்கு 4கே டிவி ஒன்றைத் தவணையில் வாங்கினேன். கடையில் தேன் சொட்டும் படமும் பஞ்சவர்ணக்கிளி படமும் மாறி மாறி ஓடின. கிளியின் இறகில் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. அரை அடி தூரத்தில் நின்று பார்த்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. விற்பனைப் பையன் வீட்டுச் சுவரின் அளவைக் கேட்டான், மாதச் சம்பளத்தைக் கேட்டான். எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

டிவி வந்த வாரத்தில் புகையும் வந்தது. 2016இன் அந்த நவம்பர் முதல் வாரத்தைத் தில்லிக்காரர்கள் மறக்க மாட்டார்கள், மூன்று நாள் பள்ளிகளை மூடினார்கள். நான் அலமாரியில் பழைய பஞ்சாங்கத்துக்குள் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன். 10ஆம் தேதி ப்ரோ வெளிநாடுகளில் வெளியாகிறது. இந்தியாவுக்கு முறையாக வர மாதங்கள் ஆகும், ஆனால் பாலிகாவில் ஒரு கடையில் முதல் வாரமே வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்கள்.

8ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் தோன்றி ஐநூறும் ஆயிரமும் நள்ளிரவு முதல் செல்லாது என்றார். புது 4கே டிவியில் நாங்கள் பார்த்த முதல் பெரிய நிகழ்ச்சி அதுதான்.

நாடு முழுக்க மனைவிமார் அரிசி டப்பாவில் ஒளித்து வைத்த காசு அந்த வாரம் வெளியே வந்ததாக ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து என் நோட்டுக்கட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். மனைவி எண்ணினாள். அம்மா பார்த்தாள். "இது எதுக்குங்க சேர்த்தீங்க?" என்று மனைவி கேட்டாள். அவசரத்துக்கு என்றேன். "என்ன அவசரம்?" என்றாள். நான்கு வயதுக் கதிர், யாரும் கேட்காமலே, "கேம்!" என்றான். நான் அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

இரண்டு நாள் வரிசையில் நின்று பணத்தை வங்கியில் கட்டினேன். ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு இரண்டாயிரம்தான் வரும் என்ற நிலையில் பாலிகாவுக்குப் போய் ரொக்கம் பற்றிப் பேச முடியுமா? அந்தப் பக்கமே போகவில்லை.

*

கடைசியில் ப்ரோ வந்தது 2017 மே மாதம், அட்டையில் பணம் கட்டி, பில்லோடு. பழைய பி.எஸ்.4ஐ ஆபீஸ் நண்பர் ஒருவர் வாங்கிக்கொண்டார். தில்லி வெயில் 44 டிகிரி. ப்ரோவை ஓடவிட்டால் அதன் விசிறி ஓடுபாதையில் விமானம் ஓடுவது போல இரைந்தது. "மிக்ஸில என்னடா அரைக்கறே?" என்று அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். ஆனால் படம்! என்ன துல்லியம், என்ன இலை, என்ன புல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். அவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அந்த ஆகஸ்டில் 'அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி' வந்தது. இந்திய அப்பாவுக்குப் பிறந்த குளோயி ஃப்ரேசர் என்ற பெண்ணும் அவள் கூட்டாளியும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹொய்சளர் கோயில்களுக்குள் புகுந்து பிள்ளையாரின் தந்தத்தைத் தேடுகிற கதை. விளையாட்டு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மா, பெரிய பிள்ளையார் சிலை ஒன்று திரையில் வந்ததும் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாவோடு எல்.டி.சி. என்ற அரசு ஊழியர் பயணச் சலுகையில் ஹளேபீடு ஹொய்சளர் கோயிலுக்குப் போய் வந்தவள். "கன்னத்துல ஒரு இருட்டு விழுந்திருக்கு பாரு, அது நன்னாயிருக்கு" என்றாள். சண்டை வரும்போது எழுந்து போய்விடுவாள், கோயில் வந்தால் கூப்பிடச் சொல்வாள்.

இந்தப் ப்ரோ எப்படி 4கே காட்டுகிறது என்று அவளுக்கு விளக்கியதும் அந்த நாட்களில்தான். உண்மையில் பெரும்பாலான விளையாட்டுகளில் அது எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகளையும் வரைவதில்லை. அவ்வளவு சக்தி அதற்குக் கிடையாது. சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டத்தை மட்டும் நிரப்புவது போல ஒரு சட்டத்தில், அதாவது ஒரு ஃப்ரேமில், பாதிப் புள்ளிகளை வரைகிறது, அடுத்த சட்டத்தில் மறுபாதியை. விட்டுப்போனவற்றை முந்தின சட்டத்தைப் பார்த்து இட்டு நிரப்பிக்கொள்கிறது. இதை எப்படித் தமிழில் சொல்வது என்று நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்:

"ஊடுபுள்ளின்னு சொல்லேன்."

ஆர்.கே.புரத்தில் மார்கழி மாதம் மூடுபனியில் கையுறை போடாமல் கோலம் போட்டவள். கோலத்தில் புள்ளி வைக்க இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்தால் நேர்ப்புள்ளி. மேல் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே கீழ் வரிசையின் புள்ளி விழுந்தால் ஊடுபுள்ளி. சோனிக்காரன் கண்டுபிடித்ததாக நான் நினைத்ததை எங்கள் வாசலில் முப்பது வருஷமாக அரிசி மாவில் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

"பாதிப் புள்ளிதான் வெக்கறான், மீதியை நாமளா நெனச்சுக்கணும், அப்படித்தானே?"

"நாம இல்லம்மா. மெஷின் நெனச்சுக்கும்."

"அதுக்கா இவ்வளவு காசு?"

அப்பாவின் மூவர்ணத் தாள் எனக்கு ஞாபகம் வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

செப்டம்பர் கடைசியில், காலாண்டு லீவுக்குச் சென்னையிலிருந்து அக்கா மகன் வந்தான். பதினாறு வயது. பையைக்கூட இறக்காமல் கன்சோலைப் போட்டான். செட்டிங்ஸுக்குள் எங்கேயோ போனான்.

"மாமா, இது 1080பிலதான் ஓடுது."

"என்னடா சொல்றே?"

"எந்த எச்டிஎம்ஐல சொருகியிருக்கீங்க?"

டிவியின் முதுகில் மூன்று துளைகள். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் வகை. எச்டிசிபி 2.2 என்ற பூட்டு அந்த ஒன்றில்தான் இருந்தது. அந்தப் பூட்டு இல்லாத துளையில் செருகினால் ப்ரோ ஒரு வார்த்தை பேசாமல் 1080பிக்கு இறங்கிக்கொள்ளும், அதாவது கால்வாசிப் புள்ளிக்கு. நான் செருகியிருந்தது அந்த மாதிரித் துளையில். நல்ல துளையில் இருந்தது செட்டாப் பாக்ஸ். மே முதல் செப்டம்பர் வரை எங்கள் வீட்டின் 4கே பாதையில் போய்வந்துகொண்டிருந்தது அம்மாவின் மெகா சீரியல்.

நான்கு மாதம். இலை என்றேன், புல் என்றேன். ஆமாம் போட்டவர்களின் முகமெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

மாற்றிச் செருகினான். அதே இடம், அதே பிள்ளையார். அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நிதானமாகப் பார்த்தாள்.

"நேத்தும் இதே பிள்ளையார்தானே?"

*

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஆறு வருஷம் பிழைத்தேன். ஆபீஸில் யாராவது புது டிவி, புது கன்சோல் என்று ஆரம்பித்தால் அம்மாவைச் சாட்சிக்கு இழுப்பேன். கணக்கும் கையில் இருந்தது. பழுதில்லாத கண் பிரித்தறியக்கூடிய சின்னக் கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கண் டாக்டர் அறையில் எழுத்து அட்டை வைப்பதும் அந்த அளவை வைத்துத்தான். எங்கள் டிவியில் 1080பியின் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடிக்கு அப்பால் போனால் பக்கத்துப் புள்ளியிலிருந்து அதைக் கண்ணால் பிரிக்க முடியாது. 4கே புள்ளியோ கால் மில்லிமீட்டர். அதை முழுசாக அனுபவிக்க மூன்றடிக்குள் வர வேண்டும், கோயிலில் கர்ப்பகிருகத்துக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி. எட்டரை அடியில் இருக்கிற எங்கள் சோபாவுக்கு 1080பியே மிச்சம்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். கண் தனிப்புள்ளியைப் பிரிக்காவிட்டாலும், சாய்கோட்டில் இருக்கும் பிசிறைக் கண்டுபிடித்துவிடும். கம்பி வேலி, மின்கம்பி, தூரத்துப் புல், இவையெல்லாம் அசையும்போது குறைந்த புள்ளியில் எறும்பு ஊர்வது போல நெளியும். 4கேயில் அந்த நெளிவு அடங்குகிறது. ப்ரோ எனக்குத் தந்தது அவ்வளவுதான். அதையும் யாராவது சுட்டிக்காட்டினால்தான் தெரியும். தீபத்தின் வெளிச்சம், குகை இருட்டு என்று பார்த்தவுடன் உறைக்கிற எச்டிஆர் என்ற சமாசாரம் இருக்கிறதே, அதைச் சாதாரண பி.எஸ்.4க்கே 2016இல் இலவசமாக மென்பொருளில் அனுப்பிவிட்டார்கள்.

பி.எஸ்.5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரி 2ஆம் தேதி. அடுத்த இரண்டு மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையில், தில்லி இருந்த நிலையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் இங்கே பேசவில்லை. 2023இல் வாங்கினேன், இந்த முறை மனைவியின் சம்மதத்தோடு. அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை, ஆனால் அதில் எனக்குப் பிடித்தது படம் இல்லை. பி.எஸ்.4இல் ஜிடிஏ 5ஐப் போட்டுவிட்டு அடுப்பில் டீ வைத்து வடிகட்டிக் கொண்டுவரலாம், அதற்குள் வந்திருந்தால் அதிர்ஷ்டம். பி.எஸ்.5இன் எஸ்எஸ்டி அந்த டீயை ஒழித்துவிட்டது. ஸ்பைடர்மேன் விளையாட்டை வைத்து சோனியே முன்னோட்டம் காட்டியது, ப்ரோவில் எட்டு வினாடி எடுத்த வேலை புதியதில் ஒரு வினாடிக்கும் குறைவு. அதோடு நொடிக்கு முப்பது சட்டமாக இருந்த படம் அறுபதாகிறது. கைக்கும் திரைக்கும் நடுவே இருந்த ஒரு சோம்பல் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் காசு கொடுக்க வேண்டியது இதற்குத்தான். புள்ளிக்கு இல்லை. கடைக்காரர்கள் ஏன் புள்ளியை விற்கிறார்கள் என்றால், புள்ளியை அட்டைப்பெட்டிமேல் எண்ணாக அச்சடிக்கலாம். சோம்பல் போனதை எப்படி அச்சடிப்பது?

அதே 2023 குளிர்காலத்தில்தான் என் சாட்சி கெட்டது.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, "பல வருஷமாகவே இருந்திருக்கணும்" என்றார். ஒரு மாத இடைவெளியில் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் நடந்தது. இரண்டாவது கட்டை அவிழ்த்து வீட்டுக்கு வந்தவள் முதலில் சொன்னது, "இவ்வளவு ஒட்டடையாவா வெச்சிருக்கீங்க வீட்டை?" என் மனைவி ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. இரண்டாவது, சீரியல் கதாநாயகியைப் பார்த்து, "இவளுக்கு இத்தனை வயசாயிடுத்தா?" என்றாள்.

மூன்றாவது நாள் நான் பழைய டிஸ்க்கைத் தேடி எடுத்து அதே கோயிலைப் போட்டேன். ஆறு வருஷம் நான் மேற்கோள் காட்டிய தீர்ப்பைச் சொன்ன கண்ணில் அன்றைக்குப் புரை இருந்திருக்கிறது. மறுவிசாரணை வேண்டாமா?

அம்மா பார்த்தாள். எழுந்து, டிவிக்கு மூன்றடிக்குள் போய், கண்ணாடி இல்லாமல் பார்த்தாள். அந்தக் கணக்கெல்லாம் அவளுக்குத் தெரியாது.

"எல்லாம் ஒரே அச்சு" என்றாள்.

"என்னம்மா?"

"யானை. ஹளேபீட்டுல வரிசையா எத்தனை யானை இருக்கும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இங்க ஒண்ணைப் பண்ணி வரிசையா ஒட்டிட்டான். அன்னிக்கு இது தெரியலை. அன்னிக்கு நன்னாயிருந்தது."

*

இதெல்லாம் கதிருக்குத் தெரியும். வீட்டில் பலமுறை ஓடிய கதைதான். ஆகவே அந்தத் திங்கட்கிழமை நான் டேப்பை மடித்துக்கொண்டு கணக்குப் பாடத்தை ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினான்.

"பாட்டிக்கு இப்ப கண் சரியாயிடுச்சு. டிவிக்கும் சரியான போர்ட். டெஸ்ட் வெச்சிடலாம்."

நியாயமான பேச்சு. பி.எஸ்.5இல் படத்தை 1080பிக்கும் 4கேக்கும் மாற்றிக்கொள்ள முடியும். அவன் மாற்றும்போது நாங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திரை மூலையில் வரும் எண் மறைந்த பிறகு திறந்து, எது என்று சொல்ல வேண்டும். பத்துச் சுற்று. நான் எட்டரை அடியில், அம்மா ஒன்பதடியில். பதிலைத் தாளில் எழுதிக்கொடுக்க வேண்டும், ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. பரீட்சை விதிகளை அவனே வகுத்தான். நாங்கள் இருவரில் ஒருவர் எட்டுச் சரியாகச் சொன்னால் துபாய் சித்தப்பாவுக்குப் போன் செய்வது. இல்லாவிட்டால் அந்தப் பேச்சை விட்டுவிடுவது. 4கே பெட்டிக்கும் 4கேயை இன்னும் சுத்தமாகக் காட்டும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தச் சோதனை சொல்லாது என்று நான் ஆட்சேபித்தேன். பி.எஸ்.5 ப்ரோ மீதிப் புள்ளிகளைச் செயற்கை நுண்ணறிவால் ஊகித்து நிரப்புகிறது, அதாவது கை பழகியவள் புள்ளி வைக்காமலே கோலம் போடுகிற மாதிரி. ஆட்சேபம் தள்ளுபடி ஆயிற்று.

பத்துச் சுற்றும் முடிந்தது. எனக்கு ஐந்து சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

அம்மாவுக்கு ஒன்பது.

கதிர் சோபாவில் ஏறிக் குதித்தான். நான் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தேன். ஒன்பதடி தூரத்தில், 43 அங்குலத் திரையில், எழுபத்து மூன்று வயதில் இது நடக்க முடியாது. கண்ணுக்குள் வைத்த லென்ஸ் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் முடியாது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே? புல்லைப் பார்த்தியா? கோட்டோட ஓரத்தைப் பார்த்தியா?"

"நான் எங்க டிவியைப் பார்த்தேன்?" என்றாள். "இவன் மூஞ்சியைப் பார்த்தேன். நல்ல படம் வந்தா டிவியைப் பார்க்கறான். மத்தது வந்தா என்னைப் பார்க்கறான்."

கதிர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்துபோய், வாசல் கொக்கியில் மாட்டியிருந்த என்-95 முகக்கவசத்தை எடுத்துக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்து மாட்டிக்கொண்டு, என்னுடைய குளிர்க்கண்ணாடியையும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"இன்னொரு பத்து" என்றான்.